எனக்கு மௌனம் தெரியாது

காது கேளாத ஒருவர் அரூப ஓவியம் வரைந்தால் அந்தக் கண்காட்சிக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். 'மௌனத்தின் வண்ணங்கள்'. பெயர் வைப்பவர் கொஞ்சம் படித்தவர் என்றால் 'மௌனத்தின் நிலவெளி'. சிறுபத்திரிகை வாசகர் என்றால் 'நிசப்தத்தின் இலக்கணம்'. இந்த மூன்றையுமே வெவ்வேறு ஆட்கள் எனக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். மூவரும் நல்லவர்கள், என் ஓவியங்களைப் பிடித்துப்போய்தான் சொன்னார்கள். ஒருவர் அழைப்பிதழே அடித்துவிட்டார். "ரொம்ப பொயட்டிக்கா இருக்கும்மா, மாத்தாதீங்க" என்றார். மாற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கண்காட்சி நடக்கவில்லை.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதல்ல. அந்தச் சொல்லைப் பற்றியது. மௌனம் என்ற சொல்லைக் கேட்கிறவர்கள் எங்கள்மேல் போர்த்துகிறார்கள். அது பார்க்கப் பட்டுச் சால்வை மாதிரி இருக்கும். ஆனால் போர்த்தியபின் உள்ளே இருக்கும் ஆளும் தெரியாது, அவள் செய்த வேலையும் தெரியாது.

1. யாருடைய மௌனம்?

எனக்கு 19 வயதில் கேட்கும் திறன் குறைய ஆரம்பித்தது. இப்போது 34. உட்காதில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் மெல்ல மெல்லச் செத்துப்போகும் வகை. செத்தவை மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. மருந்து கிடையாது, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி உண்டு.

இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட நான் மௌனத்தில் இருந்ததில்லை. கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தால் இரண்டு காதிலும் ஒரு கீச்சொலி. பழைய தொலைக்காட்சிப் பெட்டியை நிறுத்தாமல் விட்டால் வருமே, அதைப்போல. வெளியே அப்படி ஒரு ஒலி இல்லை. உள்ளே வரவேண்டிய ஒலி வராதபோது மூளை தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. கருவியை மாட்டினால் மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி, பேருந்து என்ஜின், தட்டில் கரண்டி என்று எல்லாம் ஒரே உயரத்தில் வந்து விழும். ஆக எனக்கு இரண்டு வகைச் சத்தங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மௌனம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எந்த ஒலியும் எதிரொலிக்காத அறை ஒன்றுக்குள் போனார். முழு மௌனத்தைக் கேட்கலாம் என்று போனவருக்கு இரண்டு சத்தங்கள் கேட்டன, ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டும் தன் உடம்பினுடையவை என்று அவரிடம் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகுதான் 1952இல் 4 நிமிடம் 33 விநாடிக்கு எதையும் வாசிக்காத அந்தப் புகழ்பெற்ற படைப்பு வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ராபர்ட் ராஷன்பெர்க் வரைந்த வெறும் வெள்ளை ஓவியங்களும் தனக்குத் துணிச்சல் தந்தன என்று கேஜ் சொல்லியிருக்கிறார். அரூப ஓவியமும் மௌனமும் கைகோத்துக்கொண்ட இடங்களில் அது முக்கியமானது. அந்தக் கதையில் இருப்பவர்கள் எல்லாரும் நன்றாகக் காது கேட்பவர்கள் என்பதையும் கவனியுங்கள். மௌனம் அவர்களுடைய தேடல், அவர்களுடைய ஆசை. சத்தம் அதிகமாகக் கிடைத்தவர்களுக்குத்தான் மௌனம் ஒரு ஆடம்பரம். அதைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் இறக்கிவைத்து, "இது உன்னுடையது" என்றால் நான் எங்கே போவேன்?

பிறவியிலேயே கேளாதவர்கள், இந்திய சைகை மொழியில் வளர்ந்தவர்கள் வேறொரு உலகம். அவர்களுக்கு மொழியும் நகைச்சுவையும் வம்பும் கைகளில் இருக்கின்றன. அவர்களுக்காகப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் சைகையில் நான்கு பேர் சண்டை போடுவதை ஒருமுறை பார்த்தவர் அதற்கு மௌனம் என்று பெயர் வைக்கமாட்டார்.

2. படம், மடம், பணம், மனம்

கேட்கும் திறன் குறைவது என்றால் ரேடியோவில் சத்தத்தைக் குறைப்பது மாதிரி என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதனால்தான் கத்துகிறார்கள். உண்மையில் அது ஒரு பக்கத்தில் சில எழுத்துகளை மட்டும் கரையான் தின்பது மாதிரி.

காது மருத்துவர் தரும் வரைபடத்தைப் பாருங்கள். இடமிருந்து வலமாக ஒலியின் அதிர்வெண், 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை. மேலிருந்து கீழாக டெசிபல். கீழே போகப்போக நிலைமை மோசம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. என் இடது காது 250இல் 20 டெசிபலில் ஆரம்பித்து, 1000இல் 45, 4000இல் 75, 8000இல் 85 என்று ஏணி வைத்து இறங்குகிறது. வலது காது அதைவிடச் சற்று மோசம். தாழ்ந்த ஒலிகள் இருக்கின்றன, உயர்ந்த ஒலிகள் போய்விட்டன.

பேச்சுக்கு இதன் பொருள் என்ன? உயிரெழுத்துகள் தாழ்ந்த பகுதியில் வாழ்கின்றன, எனக்குக் கேட்கும். ம, ந போன்ற மெல்லினங்களின் முனகலும் பெரும்பாலும் அங்கேதான். ச, ஸ போன்ற சீறல்களும் வல்லினங்கள் வெடித்துத் தெறிக்கும் அந்த நுனியும் உயர்ந்த பகுதியில் இருக்கின்றன. அவை வருவதில்லை. ஆக யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். ஆணா பெண்ணா, கோபமா குழைவா என்பதும் தெரியும். என்ன சொல்கிறார் என்பது மட்டும் தெரியாது. 'கேக்குது, ஆனா புரியல' என்பதுதான் எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்லும் வாக்கியம். கேட்கிறவர்கள் நம்பவே நம்பாத வாக்கியமும் அதுதான்.

மிச்சத்தை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். உதடு பெரிய பொய்யன். பவுக்கும் மவுக்கும் உதட்டில் வித்தியாசம் கிடையாது, இரண்டுக்கும் மூடித் திறக்கும். ண, ன, ள, ழ எல்லாம் நாக்கு வாய்க்குள்ளே செய்யும் ரகசிய வேலை, வெளியே தெரியாது. படமும் மடமும் எனக்கு ஒன்றுதான். பணம், மணம், மனம் மூன்றும் ஒரே முகம். ஒரு கேலரிக்காரர் என்னிடம் ஐந்து நிமிடம் 'மனம்' பற்றிப் பேசினார் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கண்காட்சி முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் அவர் பேசியது எந்தச் சொல் என்று தெரிந்தது.

இந்த இடத்தில் தமிழ் எனக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறது. 'வண்ணம்' என்றால் நிறம். யாப்பில் அதே சொல் ஓசையின் போக்கைக் குறிக்கும். தொல்காப்பியம் இருபது வண்ணங்களைச் சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். நெட்டெழுத்தும் குற்றெழுத்தும் கலந்து வந்தால் அதற்குப் பெயர் சித்திர வண்ணம். அதாவது ஓவியம்! நிறத்தையும் ஓசையையும் ஒரே சொல்லில் கட்டிவைத்த மொழியில், வல்லிசை வண்ணத்தைக் காதிலிருந்து இழந்த ஒருத்தி தூரிகை பிடிக்கிறாள். இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா? ஆனால் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. எல்லாரும் நேராக மௌனத்துக்குப் போய்விடுகிறார்கள். ஏனென்றால் அதற்கு எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

3. கேன்வாஸில் என்ன நடக்கிறது

நான்கடிக்கு நான்கடி கேன்வாஸ், அக்ரிலிக். என் வேலை மூன்று விஷயங்களிலிருந்து பிறக்கிறது. மூன்றும் காதிலிருந்து வந்தவை, ஆனால் கேன்வாஸில் அவை வடிவப் பிரச்சினைகள்.

ஒன்று, தாவல். எங்கள் காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. கேட்க ஆரம்பித்த பிறகு அது சீக்கிரமே வலிக்கும் அளவுக்கு ஏறிவிடும். நடுவில் இருக்கவேண்டிய படிக்கட்டுகள் குறைவு. "என்னம்மா?" "என்னம்மா?" என்று இரண்டு முறை கேட்டு, மூன்றாவது முறை அம்மா கத்தினால் "ஏன் இப்படிக் கத்துற?" என்று கோபம் வருவது இதனால்தான். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நேர் எதிர்: வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் படிப்படியாக இறங்கு, நடுச்சாயைகள்தான் ஓவியத்தின் உயிர். நான் நடுச்சாயைகளை எடுத்துவிட்டேன். வெளிறிய சாம்பல் போய்க்கொண்டே இருக்கும், எந்த அறிவிப்பும் இல்லாமல் சிவப்பில் முட்டும். முட்டும் விளிம்பை நான் மழுக்குவதில்லை.

இரண்டு, மையமின்மை. கேட்கிறவர்களின் மூளை ஒரு விருந்தில் நாற்பது பேர் பேசும்போதும் எதிரில் இருப்பவரின் குரலை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும். 1953இல் காலின் செரி என்ற ஆய்வாளர் இந்தத் திறனை ஆராய்ந்தார், அதற்குக் காக்டெய்ல் விருந்து விளைவு என்று பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு அந்த விருந்துக்கு அழைப்பில்லை. நண்பரின் குரலும் நாற்காலி இழுபடும் சத்தமும் ஒரே தளத்தில் பரவிக்கிடக்கும். எது உருவம், எது பின்னணி என்று காது சொல்லாது, நான்தான் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். என் ஓவியங்களில் பார்வை போய் நிற்க ஒரு இடம் இருக்காது. விளிம்பும் நடுவும் சமம். ஒரு விமர்சகர் "கட்டமைப்பில் மையம் கூடிவரவில்லை" என்று எழுதினார். கூடிவராதது குறையல்ல. கூடிவராமல் இருப்பதற்காகத்தான் மூன்று வாரம் வேலை செய்தேன்.

மூன்று, நிரப்பல். ஒரு வாக்கியத்தில் பாதிதான் வரும், மீதியை ஊகிப்பேன். அந்த ஊகம் நடக்கும் இடம் வெற்றிடமில்லை. என் நாளிலேயே அதிக வேலை நடக்கும் இடம் அதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் களைத்துப் படுப்பது கேட்டதால் அல்ல, நிரப்பியதால். அதனால் கேன்வாஸில் இடைவெளிகளை நான் வெள்ளையாக விடுவதில்லை. அங்கேதான் ஐந்தாறு அடுக்கு வண்ணம் போட்டுச் சுரண்டி, மறுபடி போட்டுச் சுரண்டுவேன். ஓவியத்திலேயே மிகக் கனமான பகுதி இடைவெளிதான். அதைப் பார்த்துவிட்டு "இந்த எம்ப்டி ஸ்பேஸ் எவ்ளோ அமைதியா இருக்கு" என்கிறார்கள். அமைதியா? என் மணிக்கட்டு வலியைக் கேட்டுப் பாருங்கள்.

இவற்றில் எதையும் தெரிந்துகொண்டுதான் ஓவியத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிவப்பு முட்டும்போது உங்கள் உடம்பில் ஒரு அதிர்ச்சி ஏற்பட்டால் போதும், என் டெசிபல் கணக்கு உங்களுக்கு எதற்கு? தெரியாமல் இருக்கலாம். ஆனால் தெரியாத இடத்தில் மௌனத்தைக் கொண்டுவந்து நிரப்பாதீர்கள்.

4. பீத்தோவன், கோயா, அப்புறம் குஜ்ரால்

என்னைச் சந்திக்கும் பத்துப் பேரில் ஏழு பேர் பீத்தோவனைச் சொல்வார்கள். "பீத்தோவனுக்கே காது கேட்காதாம்ல?" ஆமாம். 1802இல் அவர் தன் சகோதரர்களுக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த ஒரு நீண்ட கடிதம் இருக்கிறது. உன்னதம் எதுவும் அதில் இல்லை. சபையில் நாலு பேர் நடுவே "சத்தமாகப் பேசுங்கள், எனக்குக் கேட்காது" என்று சொல்ல முடியாத கூச்சம், ஆட்களைத் தவிர்த்துத் தவிர்த்துத் தனிமையில் போய் ஒதுங்கியது, சாவைப் பற்றிய நினைப்பு. பிந்தைய வருஷங்களில் வந்தவர்கள் தங்கள் பேச்சை எழுதிக் காட்ட நோட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார். இன்றைக்கு நான் கைபேசியை நீட்டி "இதுல டைப் பண்ணுங்க" என்று சொல்வது அதே நோட்டுதான். ஆனால் பீத்தோவனைச் சொல்பவர்கள் நோட்டைச் சொல்வதில்லை, ஒன்பதாவது சிம்பனியைத்தான் சொல்கிறார்கள். அதன் உட்பொருள் எனக்குத் தெரியும்: 'அவரே சாதிச்சார், உனக்கென்ன?' அதாவது நான் மைக் கேட்கக்கூடாது, சிம்பனி எழுத வேண்டும்.

இரண்டாவது ஆள் கோயா. மாட்ரிட் அருகே ஒரு வீட்டின் சுவர்களில் அவர் வரைந்த பதினான்கு கறுப்பு ஓவியங்களைக் காட்டி, காது போனதால் வந்த இருட்டு என்று எழுதுவார்கள். சாட்சிக்கு வீட்டின் பெயரையே காட்டுவார்கள், 'செவிடரின் வீடு'. அந்தப் பெயர் கோயாவால் வந்ததல்ல. அவருக்கு முன்பே வேறொரு கேளாதவரால் வந்த பெயர் அது. கோயா நோயில் விழுந்து கேட்கும் திறனை இழந்தது 1792-93இல். அந்த வீட்டை வாங்கியது 1819இல். நடுவில் இருபத்தாறு வருஷம். அந்த வருஷங்களில் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் வந்தது, பஞ்சம் வந்தது, போர் முடிந்து திரும்பி வந்த மன்னர் அரசியல் சட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மதவிசாரணை மன்றத்தை மீண்டும் நிறுவினார். இவ்வளவையும் கண்ணால் பார்த்த ஒரு மனிதரின் இருட்டுக்குக் காரணம் தேடி, காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறார்கள். காதைக் காரணமாக்கிவிட்டால் ஒரு வசதி உண்டு: அரசைக் காரணமாக்க வேண்டியதில்லை.

நம் ஊர் உதாரணம் சதீஷ் குஜ்ரால். எட்டு வயதில் ஒரு விபத்தைத் தொடர்ந்து கேட்கும் திறனை இழந்தவர். லாகூரிலும் பம்பாயிலும் படித்து, 1952இல் மெக்சிகோ போய், தியேகோ ரிவேராவையும் சிகேரோஸையும் அருகிருந்து பார்த்துத் திரும்பியவர். ஓவியம், சிற்பம், சுவரோவியம் எல்லாம் செய்துவிட்டு, தில்லியில் பெல்ஜியம் தூதரகக் கட்டடத்தையும் வடிவமைத்தார். பிரிவினையைப் பற்றி அவர் வரைந்த ஓவியங்களில் முகம் பொத்தி அழும் மனிதர்களை வைத்து 'கேளாதவரின் வலி' என்று எழுதுவது சுலபம். அவர்கள் அழுவது பஞ்சாப் பிளந்ததற்காக. ஜீலத்தில் பிறந்த ஒருவர் தன் மண் அந்நிய நாடானதைப் பார்த்து வரைந்திருக்கிறார். அதை அவருடைய காதுக்குள் சுருக்குவது அவருக்கும் அநியாயம், பிரிவினைக்கும் அநியாயம்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. "காது போனா கண்ணு கூர்மையாயிடும். ஆண்டவன் ஒன்ன எடுத்தா ஒன்னு குடுப்பான்." பிறவியிலேயே கேளாதவர்கள் ஓரப்பார்வையில் நடக்கும் அசைவை விரைவாகக் கவனிக்கிறார்கள் என்று ஆய்வுகள் உண்டு. அது கவனத்தின் பழக்கம். எனக்கு ஆண்டவன் கொடுத்தது மைனஸ் 4 கண்ணாடிதான். கண்ணாடிக் கொக்கியும் கருவிக் கொக்கியும் ஒரே காதின் மேல் இடத்துக்குச் சண்டை போடுகின்றன.

5. "அப்ப ஏன் சொல்றே?"

எதிர்த்தரப்பில் எனக்கு மதிப்புள்ள ஒரு வாதம் இருக்கிறது. நண்பர்கள் சொல்வார்கள்: "அரூப ஓவியம்னா கோடு, நிறம், பரப்பு. அவ்ளோதான். வரைஞ்சவங்க யாரு, காது கேக்குமா கேக்காதான்றது ஓவியத்துக்கு வெளியில இருக்கு. மௌனம்னு எழுதக்கூடாதுன்னா, காதப் பத்தியே பேசாத. முடிஞ்சுது."

சுத்தமான வாதம். ஆனால் அரூப ஓவியத்தின் வரலாறு அவ்வளவு சுத்தமானதல்ல. அது காதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகியது. 1911 ஜனவரியில் மியூனிக்கில் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்து, பெரிய மஞ்சள் பரப்பு வழிந்தோடும் ஓர் ஓவியத்தை வரைந்தார் காண்டின்ஸ்கி. நீலம் வெளிறினால் புல்லாங்குழல், அடர்ந்தால் செல்லோ என்று எழுதிவைத்ததும் அவர்தான். பால் க்ளே வயலின் வாசித்தவர். மோந்ரியான் நியூயார்க்கில் வரைந்த புகழ்பெற்ற கட்டங்களுக்கு ஒரு நடன இசையின் பெயரை வைத்தார். நாமும் அரூப ஓவியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் லயம், சுருதி, ஒத்திசைவு, தாளக்கட்டு என்றுதான் கை போகிறது. கேட்கிறவர்களின் காது ஓவியத்துக்குள் வரலாம், அது 'கோட்பாடு'. கேளாதவளின் காது வந்தால் மட்டும் 'சொந்தக் கதை'யா?

கண்ணுக்கு ஒரு நியாயமும் காதுக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. க்ளோத் மோனேக்குக் கண்புரை வந்தது. 1923இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அந்தக் காலத்தில் அவர் வரைந்த ஜப்பானியப் பாலம் கிட்டத்தட்ட அரூபம், பாலம் எங்கே என்று தேட வேண்டும். அந்தச் செம்பழுப்பைப் பற்றி எழுதுபவர்கள் கண்வில்லை எந்த நிறத்தை உள்ளே விடாது என்று கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். அது வடிவத்தைப் பற்றிய பேச்சு, யாரும் உச்சுக்கொட்டுவதில்லை. நான் கேட்பதும் அதே மரியாதைதான். என் காதைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் மோனேயின் கண்ணைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுங்கள். எது வருகிறது, எது வரவில்லை, அதனால் கை என்ன செய்கிறது.

கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை நான் முதன்முதலில் பார்த்தது இருபது வயதில். கேன்வாஸ் முழுக்க எழுத்து மாதிரி இருக்கும். மலையாளம் மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரி, கணக்கு மாதிரி. கிட்டே போய்ப் படித்தால் படிக்க முடியாது. எழுத்து என்று தெரிகிறது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. பணிக்கருக்குக் காது நன்றாகக் கேட்டது. எனக்கும் அந்த ஓவியத்துக்கும் நடுவில் நடந்ததற்கு அது தடையாக இல்லை. ஒரு வருஷமாக வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாமல் நான் திணறிக்கொண்டிருந்த 'கேக்குது, ஆனா புரியல' அங்கே சுவரில் தொங்கியது, அழகாக, யாருடைய பரிதாபமும் கேட்காமல். அரூபம் என்ன செய்யும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சுவர். அன்றைக்குப் பக்கத்தில் 'மௌனம்' என்று ஒரு குறிப்புப் பலகை இருந்திருந்தால் நான் அந்த ஓவியத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

இதே வேலையைக் கோபத்தோடு செய்கிறவர் கிறிஸ்டின் சன் கிம். பிறவியிலேயே கேளாதவர், 1980இல் கலிஃபோர்னியாவில் பிறந்து இப்போது பெர்லினில் இருக்கிறார். கேளாதவளின் கோபத்தைக் குறுங்கோணம், விரிகோணம் என்று வடிவியல் பாடம்போலக் கரிக்கோட்டில் வரைந்தார். 2019இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. எந்தச் சந்தர்ப்பத்துக்கு எத்தனை பாகை கோபம் என்று அளந்து வைத்திருக்கிறார். ஒரு கோணத்தைப் பார்த்து யாரும் "எவ்வளவு அமைதி" என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தந்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

6. "என் குரல் பெருசு, மைக் வேண்டாம்"

இதெல்லாம் வெறும் சொல் பற்றிய சண்டை என்று தோன்றலாம். அந்தச் சொல் அறைக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

எந்த இலக்கியக் கூட்டத்துக்கும் கலைக் கூட்டத்துக்கும் போங்கள். மைக் இருக்கும். ஒருவர் எழுந்து அதைத் தள்ளிவைத்துவிட்டு, "எனக்கு மைக் வேணாம், என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்" என்பார். கைதட்டுவார்கள். ஐயா, உங்கள் குரலின் அளவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் கருவிக்கு உங்கள் குரல் தூரத்திலிருந்து கூடத்தின் எதிரொலியோடு சேர்ந்து கஞ்சியாக வருகிறது. ஒலிபெருக்கிக்குக் கீழே நான் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பதே மைக்கை நம்பித்தான். பிறகு ஓவியங்களைத் திரையில் காட்ட விளக்கை அணைப்பார்கள். உதடும் போச்சு. இருட்டில் ஒரு மணி நேரம் ஓவியத்தைப் பற்றி ஓர் ஓவியருக்குத் தெரியாமல் பேசுவார்கள். கடைசியில் வெளிச்சம் போட்டதும் என்னிடம் வந்து, "உங்க ஒர்க்ல அந்த மௌனம் இருக்கே..." என்பார்கள். ஆமாம். அதைக் கொஞ்ச நேரம் முன்பு நீங்கள்தான் தயாரித்தீர்கள்.

சட்டமும் கைகொடுப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கேட்கும் திறன் குறைந்தவர். 70 என்றால் கேளாதவர். என் நல்ல காதின் சராசரி 52. சட்டத்தின் கணக்கில் நான் கேட்பவள். பேருந்து நடத்துநர் கணக்கில் செவிடு, "எத்தன தடவ கேக்குறது" என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் சீட்டைக் கிழிப்பார். வீட்டின் கணக்கில் 'கொஞ்சம் மந்தம்', பெண் பார்க்க வந்தபோது "முடிய முன்னால விட்டு மெஷின மறைச்சுக்கோ" என்றார்கள். கேலரியின் கணக்கில் மட்டும் நான் மௌனம். நான்கு கணக்கில் எதிலும் எனக்கு ஒரு மைக் கிடைப்பதாக இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2050இல் நான்கில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கும். காதில் செருகிய கருவியில் பாட்டு அலறிக்கொண்டே இதைப் படிக்கும் தலைமுறைக்கு அந்தக் கணக்கு சொந்தக் கணக்கு. மிரட்டவில்லை. உங்களுக்கும் ஒருநாள் யாராவது மௌனம் என்று பெயர் வைப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

'செவிடன் காதில் ஊதின சங்கு' என்பது நம் ஊர்ப் பழமொழி. ஊதியது வீண் என்பது அதன் பொருள். நான் சங்கைக் கேட்டிருக்கிறேன். தாழ்ந்த, கனத்த ஒலி, என் வரைபடத்தில் மேல் இடது மூலை. சங்கு எனக்கு நன்றாகவே கேட்கும். கேட்காதது, ஊதிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் "இவளுக்கு எங்க கேக்கப் போகுது" என்று மெதுவாகச் சொல்கிறார்களே, அதுதான்.

ஆகவே சில காரியங்கள். கூட்டம் நடத்துகிறீர்களா, மைக்கைப் பேசுபவர் கையிலேயே கொடுங்கள், கேள்வி கேட்பவருக்கும் கொடுங்கள். பேசுபவர் முகத்தில் ஒரு விளக்கை விட்டுவையுங்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் தமிழுக்கும் வந்துவிட்டன, திரையில் ஓரமாக ஓடவிடுங்கள். தப்புத் தப்பாகத்தான் வரும், பரவாயில்லை, தப்பிலிருந்து சரியை ஊகிப்பது எனக்குப் பழகிய தொழில். யாராவது "என்ன?" என்று கேட்டால் "ஒன்னுமில்ல, விடு" என்று சொல்லாதீர்கள். சொன்னதையே திரும்பச் சொல்லுங்கள், அது எவ்வளவு அற்பமாக இருந்தாலும்.

ஓவியத்தின் முன்னால் நின்றால் என் காதை மறந்துவிடலாம். பேச வேண்டும் என்று தோன்றினால், மௌனத்தை விட்டுவிட்டு, இந்தச் சாம்பல் ஏன் இங்கே சட்டென்று நின்றுபோகிறது, இந்த இடைவெளியை எத்தனை முறை சுரண்டினாய் என்று கேளுங்கள். என்னைப் பார்த்து, நிதானமாக, வாயைக் கையால் மூடாமல் கேளுங்கள். பதில் நீளமாக வரும்.